புது உயிரினம் எங்கே கிடைக்கிறது?

கடலில் புது உயிரினம் கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால், வலை மேலே வந்ததுமே விஞ்ஞானி அதை அடையாளம் கண்டுவிட்டார் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். 2007இல் பெயர் சூட்டப்பட்ட 600 உயிரினங்களை எடுத்து ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பிடிபட்டதற்கும் பெயர் கிடைத்ததற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 21 ஆண்டுகள்! அத்தனை காலமும் அவை இருந்தது அருங்காட்சியக அலமாரிகளில்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஆழ்கடல் தரையிலிருந்து வாரிய சேற்றைச் சல்லடையில் அலசினால் புழு, சிப்பி, நண்டு என முதுகெலும்பில்லாத சிற்றுயிர்கள் ஏராளமாகத் தங்கும். எல்லா வகையும் அறிந்த ஒரே ஆள் எந்தக் கப்பலிலும் இல்லை. அதனால் கெடாமல் பதப்படுத்தி, பிடித்த இடம், ஆழம், தேதி எழுதிய சீட்டோடு ஜாடியில் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் உரிய நிபுணர் வரும்வரை ஜாடி காத்திருக்கும்.

அப்படிக் காத்திருந்த ஒன்றைப் பார்ப்போம். 1986இல் தென்கிழக்கு ஆஸ்திரேலியக் கடலில், 400 மீட்டரிலும் 1,000 மீட்டரிலும், காளான் வடிவத்தில் 18 சிறு உயிர்கள் கிடைத்தன. காம்பின் நுனியில் வாய் போன்ற ஒரு துளை. தட்டுக்குள் மரக்கிளையாகப் பிரியும் குழாய்கள். 2014இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் அவற்றுக்கு ‘டெண்ட்ரோகிராமா’ என்று பெயரிட்டார்கள். அறிந்த எந்த விலங்குத் தொகுதியிலும் அவை அடங்கவில்லை. டிஎன்ஏ பார்க்கலாம் என்றால், முதலில் ஃபார்மலினில் போட்டிருந்ததால் அதற்கும் வழியில்லை.

பெயரிடும்போது ஒரு மாதிரியை ‘இதுதான் அது’ என்று தனியே குறித்து வைப்பார்கள். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, உயிரினப் பெயருக்கு அந்த மாதிரி அப்படி. எத்தனை கை மாறினாலும், சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

2015இல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பல் தென் ஆஸ்திரேலியக் கடலில் தேடியபோது அதே காளான் வடிவங்கள் மறுபடி கிடைத்தன. 2014இன் படங்களும் விவரங்களும் இருந்ததால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இம்முறை டிஎன்ஏ எடுக்க முடிந்தது; 2016இல் விடையும் வந்தது. அது தனி விலங்கே இல்லை. ஜெல்லிமீனுக்கு உறவான சைஃபனோஃபோரிலிருந்து கழன்ற துண்டு! சைஃபனோஃபோர் என்பது பல சிறு உடல்கள் ஒட்டிப் பிறந்து, நீந்த ஒன்று, உண்ண ஒன்று, காக்க ஒன்று என வேலையைப் பிரித்துக்கொண்டு வாழும் கூட்டுயிர். ஜாடியில் இருந்தது அதன் காப்புக் கவசம்.

அப்படியானால் 28 ஆண்டுக் காத்திருப்பு வீணா? இல்லவே இல்லை. அந்த 18 துண்டுகளையும் யாராவது கொட்டியிருந்தால், எதைத் தேடுவதென்றே 2015இல் தெரிந்திருக்காது. முதல் ஊகத்தைச் சரிபார்த்துத் திருத்தவும் வழியிருந்திருக்காது. அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கும் பணம் பழையதைப் பூட்டிவைக்கும் செலவு என்று எண்ணுகிறோம். இன்னும் கேட்கப்படாத கேள்விகளுக்கான சான்றுகளை அது காப்பாற்றி வைக்கிறது. அடுத்த முறை ‘புது உயிரினம்’ என்று படித்தால், அது எந்த ஆண்டு பிடிபட்டது என்றும் தேடிப் பாருங்கள்.