'ஹேண்ட்மேடு'னு போட்டா போதுமா? ஆன்லைனில் கம்பளி கார்ப்பெட் வாங்கும் முன் அதோட முதுகைப் பாருங்க!

எங்க வீடு அனுமந்தையில. ஈ.சி.ஆரில் மரக்காணம் தாண்டி புதுச்சேரி போறவங்களுக்கு டோல்கேட் ஊர்னு சொன்னா சட்டுனு தெரியும். கடலும் உப்பளமும் பக்கத்துலயே இருக்கிறதால, தரையில வெள்ளையா தூசி கிடந்தா யாரும் பெருசா கண்டுக்க மாட்டோம். போன மாசி மாசம் ஹால்ல கார்ப்பெட்டுக்கு அடியில பெருக்கப் பெருக்க வெள்ளைத் தூள் வந்தப்பவும், "உப்புக் காத்துடி"ன்னுதான் அம்மா சொன்னாங்க. கார்ப்பெட்டைப் புரட்டினப்பதான் விஷயம் தெரிஞ்சது. உதிர்ந்தது உப்பு இல்ல, கார்ப்பெட்டோட பசை!

ரெண்டு வருஷம் முன்னாடி ஆஃபர்ல வாங்கினது. 4-க்கு 6 அடி, 3,200 ரூபாய். 'ஹேண்ட்மேடு வூல் கார்ப்பெட்'னு போட்டிருந்தாங்க. அது பொய்னும் சொல்ல முடியாது. ஆனா, நான் மனசுல நினைச்சது வேற, வீட்டுக்கு வந்தது வேற.

மூணும் 'ஹேண்ட்மேடு'தான்... ஆனா ஒண்ணு இல்ல!

ஹேண்ட்-நாட்டட்: தறியில் பாவு நூலைக் கட்டி, அதில் கம்பளி நூலை ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போடுவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலை ஓட்டி இறுக்குவார்கள். பசையே கிடையாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

ஹேண்ட்-டஃப்டட்: துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் துணியில் நூலைக் குத்தி ஏற்றுவார்கள். நூல் கழன்றுவிடாமல் இருக்க பின்னால் லேடெக்ஸ் பசை பூசி, அதன்மேல் ஒரு துணியை ஒட்டிவிடுவார்கள். நான் வாங்கினது இதுதான். பசை காய்ந்து நொறுங்கினால் தூளாகக் கொட்டும், நூலும் கழன்று வரும். ஈரமும் வெயில் சூடும் மாறி மாறி அடிக்கும் கடற்கரை ஊர்களில் பசைக்கு ஆயுள் குறைவு.

ஹேண்ட்லூம்: கைத்தறியில் நெய்தது. முடிச்சு இருக்காது.

விலை சரியா? கணக்கு போடுங்க

4-க்கு 6 அடி என்றால் 3,456 சதுர அங்குலம். சுமாரான தரத்தில், சதுர அங்குலத்துக்கு 60 முடிச்சு என்று வைத்தாலே, மொத்தம் 2,07,360 முடிச்சுகள். கைதேர்ந்த ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சு போட்டாலும் 26 நாள் ஆகும். கூலி வெறும் 300 ரூபாய் என்று வைத்தாலும், கூலி மட்டுமே 7,800 ரூபாய். கம்பளி, சாயம், அலசல், கூரியர் எல்லாம் தனி.

அப்போ, 3,200 ரூபாய்க்கு அதே சைஸில் புது 'ஹேண்ட்-நாட்டட்' கிடைக்குதுன்னா? ஒண்ணு, அது நாட்டட் இல்ல. இல்லேன்னா, யாரோ ஒருத்தரோட கூலியில கை வச்சிருக்காங்க. கார்ப்பெட் தறிகளில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்கு எதிராகத்தான் கைலாஷ் சத்யார்த்தி 1994-ல் 'ரக்மார்க்' முத்திரையைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் 'குட்வீவ்'. அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டோவில் என்ன பார்க்கணும்?

* பின்பக்கம்: நாட்டட் என்றால் முன்னால் உள்ள டிசைன் பின்னாலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக, கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு இருக்கும். துணி போட்டு மூடியிருந்தால் டஃப்டட். அச்சுப் பிசகாமல் ஒரே சீராக இருந்தால் மெஷினில் செய்ததாக இருக்கலாம்.
* குஞ்சம்: நாட்டட்டில் பாவு நூலின் நுனிதான் குஞ்சம். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் உஷார்.
* பின்பக்க போட்டோவே இல்லையா? விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.
* ஊர்ப் பெயர்: உத்தரப்பிரதேசத்தின் பதோஹி கைவினைக் கார்ப்பெட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அதே பதோஹியில் டஃப்டட்டும் தயாராகிறது. ஊர்ப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.
* நூல்: 'ஆர்ட் சில்க்', 'பாம்பூ சில்க்' என்று இருந்தால் அது பெரும்பாலும் விஸ்கோஸ். தண்ணீர் பட்டால் விறைத்து, மஞ்சளடிக்கும். '100% வூல்' என்று இருக்க வேண்டும்.

பார்சல் வந்ததும் ஒரு இழையை உருவி, பாதுகாப்பாகக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் கையில் பொடியாகும். உருகிக் கெட்டியான உருண்டையானால் செயற்கை நூல். ரிட்டர்ன் தேதிக்குள் இதைச் செய்துவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். போட்டிருந்தது ஒன்று, வந்தது வேறு என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பட்ஜெட் கம்மியா இருக்கா?

சைஸைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். 2-க்கு 3 அடி என்றால் அதே 60 முடிச்சுக் கணக்கில் 51,840 முடிச்சுதான், ஏழு நாளுக்குள் வேலை முடிந்துவிடும். தடிமனான நூல், சிம்பிளான டிசைன் என்றால் விலை இன்னும் இறங்கும். ஹால் முழுக்க விரிக்கணும்னா, நம்ம பவானி ஜமக்காளம் இருக்கவே இருக்கு. அதில் பசைக்கு வேலையே இல்லை, அதற்கும் புவிசார் குறியீடு உண்டு.

கடற்கரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கலாம்?

கம்பளிக்கு எதிரி ஈரமும் அந்துப்பூச்சியும். கட்டிலுக்கு அடியில் சுருட்டிப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட விரியுங்கள். டீ கொட்டினால் தேய்க்காமல், வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். புதுசில் சில வாரம் பஞ்சு உதிர்வது சகஜம், பயப்பட வேண்டாம்.

எங்க வீட்டுல இப்போ கிடக்கிறது 2-க்கு 3 அடி நாட்டட். "இவ்வளவு காசுக்கு இத்துனூண்டா?"ன்னு அம்மா கேட்டாங்க. திருப்பிக் காட்டினேன். முடிச்சு முடிச்சா விரலால தடவிப் பார்த்தவங்க, அப்புறம் ஒண்ணும் சொல்லல. இப்பவும் தரையில வெள்ளையா தூசி வருது. ஆனா, இது நிஜமாவே உப்புக் காத்துதான்!