தக்காளி ஏன் வெடிக்கிறது?

பெக்கோக் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கீரையும் கத்தரியும் கைகொடுக்கும், தக்காளிதான் ஏமாற்றும் என்பார்கள். செடி செழிக்கும், பூக்கும், காய்க்கும். நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டு வைத்த பழம், விடிந்து பார்த்தால் காம்படியிலிருந்து பிளந்து, ஈ மொய்த்துக் கிடக்கும். கண் பட்டுவிட்டது என்று பாட்டி சொல்வார். கண்ணும் இல்லை, பூச்சியும் இல்லை. காரணம் தண்ணீர்தான்.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். பிஞ்சாக இருக்கும்போது தோல் இழுத்த இழுப்புக்கு வரும். பழுக்கத் தொடங்கியதும் அந்த நெகிழ்வு குறைந்துவிடும். சில நாள் மண் காய்ந்திருந்து, திடீரென்று பெருமழை பெய்தால் வேர் ஆவலோடு தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. காம்பைச் சுற்றியுள்ள இடம் வழியாகவும் மழைநீர் உள்ளே இறங்குகிறது. உள்ளே சதை பருக்கிறது. தோலால் ஈடுகொடுக்க முடியவில்லை. சில பழங்கள் நெடுக்காகப் பிளக்கும், சில காம்பைச் சுற்றி வளையமாகக் கீறும். பழுத்த பழங்களை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் அமிழ்த்தி வைத்துப் பாருங்கள். காலையில் சிலவாவது வெடித்திருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகப் படத்தைவிட இந்த வாளிதான் அதிகம் சொல்லிக் கொடுக்கிறது.

ஜொகூரின் உட்பகுதியில் காலையெல்லாம் வெயில் காய்ந்து சாயங்காலம் இடிமழை கொட்டுவது வழக்கம். மழையைக் குறை சொல்லும் நாமும் அதையேதான் செய்கிறோம். வாரம் முழுவதும் பால்வெட்டு, செம்பனை வேலை என்று அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பரிவு பொங்கிக் குடம் குடமாய் ஊற்றுகிறோம். செடிக்கு அதுவும் ஒரு திடீர் மழைதான். மழையில்லாத நாட்களில் தினம் காலையில் அளவாக ஊற்றுங்கள். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் உங்களால் முடியாவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

ஊற்றிய ஈரத்தைக் காப்பாற்ற மூடாக்கு வேண்டும். விதை பிடிக்காத லாலாங் புல்லையோ காய்ந்த இலைகளையோ மூன்று அங்குல கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை மட்டும் ஒட்ட வேண்டாம். பாத்தியும் உயரமாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து, பழம் வெடிக்கிறதா என்று பார்க்கச் செடியே இருக்காது.

கேமரன் மலையில் பலர் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழேதான் தக்காளி பயிரிடுகிறார்கள். நாமும் நாலு கம்பு நட்டு, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக்கை மேலே கட்டலாம். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், காற்று வர வேண்டும். கூரை போட்டபின் தண்ணீர்ப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

உரத்திலும் நிதானம் வேண்டும். யூரியாவையும் கோழி எருவையும் அள்ளிக் கொட்டினால் இலை கொழிக்கும், பழம் எளிதில் பிளக்கும். காய் பிடித்தபின் பொட்டாஷ் கொஞ்சம் வைத்தால் போதும்.

கடையில் வாங்கிய தக்காளியின் விதையைப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் மலைக்குளிருக்கான ரகமாக இருக்கும். நம் வெப்பத்தில் பூ கொட்டிவிடும். 1969-இல் அமைக்கப்பட்ட மார்டி நிறுவனம், சமவெளிக்கென்றே எம்.டி.1 என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது. விதைக் கடையில் தாழ்நிலத்துக்கு ஏற்றது எது என்று கேட்டு வாங்குங்கள்.

இத்தனையிலும் காசு செலவில்லாதது, என் கணக்கில் மிகவும் பயன் தருவது, முன்கூட்டிப் பறிப்பதுதான். பழத்தின் அடியில் இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்துவிடுங்கள். அடுப்படியில் நிழலாக ஓரிடத்தில் ஒரே வரிசையாகப் பரப்பினால் சில நாளில் தானே சிவக்கும். பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழம் இருந்தால் இன்னும் சீக்கிரம். வெயிலில் வைக்க வேண்டியதில்லை. பழுக்கும்வரை குளிர்ப்பெட்டியும் ஆகாது. ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. மேற்கே கருமேகம் திரளும் மாலைகளில் நிறம் மாறியதை எல்லாம் கூடையில் சேர்த்துவிடலாம்.

அப்படியும் வெடித்ததை அன்றைக்கே கழுவி ரசத்துக்கோ சட்டினிக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளவு காய்ந்து பழுப்புத் தழும்பாகியிருந்தால் குற்றமில்லை. பூஞ்சணம் பூத்ததையும் புளித்த வாடை அடிப்பதையும் மட்டும் குப்பைக்குழியில் போட்டு மூடிவிடுங்கள்.