பனைமரத்தைச் சாய்க்கும் கேமரா

பூப்பாறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். போடியில் கல்யாண வீடியோ எடுக்கும் அவருடைய நண்பரிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்களைப் பற்றி அதில் ஒரு படம் எடுக்க இருவருக்கும் ஆசை. ‘அலெக்ஸா மாதிரி சினிமா கேமராவில் எடுத்தால்தான் படமென்று மதிப்பார்கள் என்கிறார்கள். அதற்கு வாடகை கொடுக்க எங்களுக்கு வழியில்லை. எங்கள் கேமரா அதற்கு ஈடாகுமா?’ என்று கேட்கிறார்.

பெரும்பாலான ஷாட்டுகளில் ஈடாகும். எந்த ஷாட்டில் ஆகாது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் வேலை. அப்படிப்பட்ட ஷாட்டுகள் பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலையிலும் தாராளமாக வந்து வாய்க்கின்றன. சென்னைக்காரருக்குச் சொல்லும் பதில் அதனால் இவருக்குப் பொருந்தாது.

இந்த வாதத்துக்குப் பாதித் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. 2009-ல் கேனன் 7டி விற்பனைக்கு வந்தது. புகைப்படக்காரர்களுக்காகச் செய்தது. ஆனால் அதன் சென்சார் அகலம் 22.3 மி.மீ., சினிமா ஃபிலிமின் ‘சூப்பர் 35’ அளவை நெருங்கியது. திரையில் நம் கண் பழகிய பின்னணி மங்கல் அதிலும் கிடைத்தது. 2011-ல் வந்த ‘சாப்பா குரிசு’ படத்தை மலையாளத்தில் சமீர் தாஹிரும், 2012-ல் வந்த ‘வழக்கு எண் 18/9’ படத்தைத் தமிழில் பாலாஜி சக்திவேலும் அந்தக் கேமராவில் எடுத்தார்கள். பின்னதற்கு ஒளிப்பதிவு விஜய் மில்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இரண்டு கதைகளிலும் கைபேசியில் பதிவான ஓர் அந்தரங்க வீடியோதான் விபரீதத்துக்கு வித்து. கேமரா எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலத்தின் பயத்தை, அதே காலத்தின் எளிய கேமராவில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

அதன் பிறகு வெளிநாடுகளிலும் சிறிய கேமராக்கள் துணிந்து இறங்கின. 2015-ல் வந்த ‘டேஞ்சரின்’ படத்தை ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்-ல் எடுத்தார். 2023-ல் வந்த கேரத் எட்வர்ட்ஸின் ‘தி கிரியேட்டர்’ சோனி எஃப்எக்ஸ்3-ல் எடுக்கப்பட்டது. 2021-ல் வந்தபோது அந்தக் கேமராவின் விலை 3,899 டாலர். ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா 35 வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு எடுத்து வைக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு அனுமதிக்கும் கேமராக்களின் பட்டியலில் எஃப்எக்ஸ்3-உம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. ‘தி கிரியேட்டர்’ 8 கோடி டாலர் செலவில் உருவான படம். ‘கோவா’ (Kowa) நிறுவனத்தின் பழைய அனமார்ஃபிக் லென்ஸ், கேமராவுக்கு வெளியே தனி ரெக்கார்டர், கிரெய்க் ஃப்ரேசர், ஓரன் சோஃபர் என்று இரண்டு தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள், இவ்வளவும் அந்தச் சின்னக் கேமராவுக்குப் பின்னால் நின்றன.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகும்போது, வாளையாறு தாண்டியதும் கைபேசியைப் படுக்கைவசமாகப் பிடித்து ஜன்னல் வழியே ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். பிறகு அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வயல் வரப்புகளில் நிற்கும் கரும்பனைகள் சாய்ந்திருக்கும். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் பனை நன்றாகச் சாய்ந்திருக்கும், நடுவயலில் நிற்பது லேசாக. தூரத்து மலை மட்டும் ஒரு மாற்றமும் இல்லாமல் இருக்கும். கைபேசியை மேல் கீழாகத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை எடுத்தால் அதே பனைகள் எதிர்ப்பக்கம் சாயும். நெட்டுக்குத்தாகப் பிடித்தாலோ சாயவே சாயாது. மாறாக, பிடிக்கும் விதத்தைப் பொறுத்து மரம் ஒல்லியாகும், அல்லது பருக்கும்.

சென்சார் ஒரு சட்டத்தை (ஃப்ரேம்) ஒரே கணத்தில் மொத்தமாக விழுங்குவதில்லை என்பதுதான் காரணம். மேல்வரிசையில் தொடங்கிக் கீழ்வரிசை வரை, ஒவ்வொரு வரிசையாக வாசிக்கிறது. எங்கள் வீட்டில் தறி இருந்தது. ஊடை ஒவ்வோர் இழையாகத்தான் ஏறும். ஒவ்வோர் இழை ஏறும்போதும் பாவு பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்துகொண்டே போனால், நிமிர்ந்து நிற்க வேண்டிய கோபுரக் கரை சாய்ந்துதான் விழும். பனைக்கு நடப்பதும் அதுவே. அதன் தலையை வாசித்த கேமரா அடிமரத்துக்கு வருவதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. தலை ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் பதிவாகின்றன. கைபேசியை நெட்டுக்குத்தாகப் பிடிக்கும்போது வரிசைகளும் செங்குத்தாகிவிடுவதால், சாய்வு இருக்க வேண்டிய இடத்தில் அகலம் மாறுகிறது.

சென்சார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சாய்வு இருந்தது. பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்றி லார்டீக் 1910-களின் தொடக்கத்தில் ஒரு கார் பந்தயத்தை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. காரின் சக்கரம் முன்பக்கம் சாய்ந்து நீள்வட்டமாகத் தெரியும். வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்பார்கள். அவர் கேமராவில் கண்ணாடித் தகட்டின் முன்னால் ஒரு திரையின் மெல்லிய பிளவு மெதுவாகக் கடந்து போனது. அந்தப் பிளவு தகட்டைக் கடப்பதற்குள் கார் ஓடிவிட்டது. அவரும் காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்குத் திருப்பவில்லை. அதனால்தான் இரண்டும் இரண்டு பக்கம் சாய்ந்தன.

சினிமா கேமராவுக்கும் எளிய கேமராவுக்கும் இந்த வகையில் உள்ள வித்தியாசம் வாசிக்கும் வேகம்தான். பழைய டிஎஸ்எல்ஆர்கள் ஒரு சட்டத்தை வாசித்து முடிக்க நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டன. அலெக்ஸா நூறில் ஒரு பங்குக்குள் முடிக்கும். எஃப்எக்ஸ்3-உம் இன்று அந்த வேகத்தை எட்டிவிட்டது. எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பிடிக்கும் ‘குளோபல் ஷட்டர்’ சென்சார்களும் வந்துவிட்டன. ரெட் கொமோடோ 2020-ல் அப்படி வந்தது, சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கல்யாண வீடியோக்காரர்களிடம் இருக்கும் பல மிரர்லெஸ் கேமராக்கள், 4கே பதிவில் சென்சாரை முழுவதும் வாசிக்கும்போது இன்னும் மெதுவானவைதான்.

பூப்பாறை நண்பர் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவருடைய கதை ஜீப்புக்குள் நடக்கிறது. தோட்டத்துக் கல்பாதையில் ஜீப் அதிரும்போது, ஒரே சட்டத்துக்குள் மேல்வரிசை ஒரு திசையிலும் கீழ்வரிசை இன்னொரு திசையிலும் இழுபடும். அந்தப் பெண்களின் முகம் நுங்கைப்போலக் குலுங்கும். சட்டத்துக்குள்ளேயே நடந்துவிடும் இந்த நெளிவை, எடிட்டிங்கில் ஆட்டத்தை அடக்கும் மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. கேமராவை ஜீப்பின் கம்பியில் இறுக்கிக் கட்டினால் அத்தனை அதிர்வும் நேராக கேமராவுக்குப் போய்விடும். நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். அகல லென்ஸ் போட்டு, பேசுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டெலி லென்ஸை ஜீப்புக்குள் எடுக்கவே வேண்டாம்.

அடுத்த சோதனை மூடுபனி. தேவிகுளத்திலும் பூப்பாறையிலும் வெள்ளைக்கும் வெளிர்சாம்பலுக்கும் நடுவே எண்ணற்ற படிகளில் அது கரைகிறது. 8 பிட் கேமராவில் ஒரு வண்ணத்துக்கு மொத்தம் 256 படிகள்தான். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி. பிறகு நிறம் திருத்திக்கொள்வதற்காகத் தட்டையாகப் பதியும் லாக் முறையில் 14 ஸ்டாப் ஒளியை அதற்குள் பரப்பினால் ஒரு ஸ்டாப்புக்கு வருவது சுமார் 18 படி. நிறச்செம்மையில் பனியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும், வரைபடத்தின் உயரக்கோடுகள்போல வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 10 பிட்டில் 1,024 படிகள், ஸ்டாப்புக்கு 73. கேமரா வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சலை விட்டுவிட்டு இந்த ஒன்றைக் கேளுங்கள். கையில் இருப்பது 8 பிட் கேமராதான் என்றால் லாக்கில் எடுக்காதீர்கள். எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே எடுத்துவிடுங்கள்.

பெரிய கேமரா தன் விலையை உண்மையாகவே நியாயப்படுத்துவது ஏலக்காட்டுக்குள். பெருமரங்களின் நிழலில் வளரும் செடி ஏலம். கீழே அரையிருட்டு, இலைகளின் இடுக்கில் சுட்டெரிக்கும் வானம். அலெக்ஸாவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே சமயத்தில் இரண்டு வழியாக வாசிக்கப்படுகிறது. அதிகப் பெருக்கத்தில் படித்தது இருட்டுக்கு, குறைந்த பெருக்கத்தில் படித்தது வெளிச்சத்துக்கு. பிறகு இரண்டும் ஒன்றாகக் கோக்கப்படும். அலெக்ஸா 35-க்கு 17 ஸ்டாப் என்கிறது ஆரி. எஃப்எக்ஸ்3-க்குச் சோனி 15-க்கு மேல் என்று சொன்னாலும், இருட்டின் புள்ளியிரைச்சலைக் கழித்துப் பார்க்கும் ஒளிப்பதிவாளர்கள் அதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் மூன்று ஸ்டாப் என்று வைத்துக்கொண்டால் அது எட்டு மடங்கு ஒளி. அந்த எட்டு மடங்கைக் காலை ஏழு மணியும் மேகமும் உங்களுக்கு இலவசமாகத் தரும். உச்சிவெயிலில் தோட்டத்துக்குள் எடுத்தே தீர வேண்டுமானால், வானம் சட்டத்துக்குள் வராமல் கேமராவைத் திருப்புங்கள். இரவில் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் எடுக்கும்போது, ஐஎஸ்ஓ 12,800-ஐயும் அடிப்படை நிலையாக வைத்திருக்கும் எஃப்எக்ஸ்3 பெரிய கேமராக்களுக்கு நடுவிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

பாலக்காட்டுப் பக்கம் எடுக்கிறவர்களுக்கு வெயிலும் ஒரு பிரச்சினை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் மாவட்டம் அது. மின்விசிறி இல்லாத சிறிய கேமராக்கள் சூடேறி நின்றுவிடும். 2020-ல் வந்த கேனன் ஆர்5 தன் 8கே பதிவை 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டது.

கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. இளைஞர்கள் கடன் வாங்கியாவது பெரிய கேமராவை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒலிக்கு மட்டும் கேமராவில் இருக்கும் மைக்கே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நம் திரையரங்குகளில் பல இன்னும் 2கே புரொஜெக்டரில்தான் ஓடுகின்றன. அங்கே 2,048 புள்ளி அகலத்துக்கு மேல் நீங்கள் எடுத்த நுணுக்கம் யார் கண்ணிலும் படாது. பேச்சு புரியாவிட்டால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பெண்கள் ஜீப்பில் பேசும் தமிழுக்கென்று ஒரு தனி ராகம் உண்டு. தேனிப் பேச்சில் மலையாளச் சொல் ஊடுபாவாக வரும். எஞ்சின் இரைச்சலுக்கும் மழைக்கும் நடுவே அதைப் பிடிக்கச் சட்டையில் குத்தும் மைக்கும் தனி ரெக்கார்டரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இதே எல்லைமலையைக் காட்டிய படம், ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அதில் என் மனதில் நிற்பது ரங்கசாமி மூட்டையோடு மலையேறும் நடையும் அந்த ஊர்க்காரர்களின் பேச்சும்தான். எந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2015-ல் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டுப் போராடினார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள். அன்று அங்கே கைபேசியும் கேமராவும் இல்லாமலா இருந்திருக்கும்? எடுத்தவர்கள் அதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மெமரி கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுகிற பழக்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. மலிவான கேமரா நமக்குக் கொடுத்த பெரிய வாய்ப்பை நாமே இப்படித் துடைத்துப் போடுகிறோம்.

ஆகவே பூப்பாறை நண்பரே, உங்கள் நண்பரின் கேமராவிலேயே தொடங்குங்கள். வாடகைக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் முதலில் மைக்கும் ரெக்கார்டரும் வாங்குங்கள், மீதியில் இரண்டு ஹார்ட் டிஸ்க். அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரண்டிலும் ஏற்றி, ஒன்றைப் பூப்பாறையிலும் மற்றதைப் போடியிலும் வையுங்கள். அதுவரை கார்டை அழிக்காதீர்கள்.