உங்களுக்குத் தெரியுமா? வாலில் பறக்கும் ஊர்

● உளுந்தூர்பேட்டையில் ஒரு விமான ஓடுதளம் உண்டு. திருச்சிக்கும் சேலத்துக்கும் சாலை பிரிகிற ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு உளுந்தூர்பேட்டையைத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் இங்கே ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, தளம் அப்படியே கிடந்துபோனது. அதே காலத்துச் சோழவரம் தளம் கார், பைக் பந்தயங்களால் பேர் வாங்கியது. நம்முடையதற்கு அந்த வாய்ப்பும் வரவில்லை. ஆனால் பயணிகள் விமானம் ஒன்றை இந்த ஊருக்கு நாமே கொண்டுவரலாம். மேஜை மேல் நிற்கும் அளவில், வாலில் நம் ஊர்ச் சின்னத்தோடு! அந்தக் கலையைப் பற்றிய தகவல்கள்தான் இந்த முறை.

● பயணிகள் விமான மாடல்களுக்கு உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு 1:144. அதாவது நிஜ விமானத்தின் 12 அடி, மாடலில் ஒரே அங்குலம். 39.5 மீட்டர் நீளமுள்ள போயிங் 737-800 இந்தக் கணக்கில் 27 சென்டிமீட்டர் ஆகும். பள்ளிக்கூட அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை. 70 மீட்டர் ஜம்போ ஜெட் அரை மீட்டருக்குள் அடங்கும். 2 கிலோமீட்டர் ஓடுதளம் வேண்டுமா? 14 மீட்டர் போதும், ஒரு வீட்டின் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை.

● மாடல் விமானம் செய்வது பொழுதுபோக்கு மட்டும்தானா? 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாடல்கள் செய்து தரும்படி கேட்டது. வானத்தில் பறப்பது நம் விமானமா, எதிரி விமானமா என்று வீரர்களுக்குப் பழக்குவதற்காக. அளவு 1:72. எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம்தான். தூரத்தில் வரும் விமானம் நிழலுருவாகத்தான் தெரியும் என்பதால் வாலில் சின்னமோ கோடோ தேவைப்படவில்லை.

● பயணிகள் விமானத்தின் கதை நேர் எதிர். அங்கே வால்தான் முகம். உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும் இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எது யாருடையது என்று வாலைப் பார்த்துத்தான் சொல்வோம்.

ஒரு மாடலின் வால் ஒரு நாட்டின் அரசியலையே கிளறியதுண்டு. 1997-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமான வால்களிலிருந்து பிரிட்டன் கொடியை எடுத்துவிட்டு, உலகின் பல நாட்டுக் கலைஞர்களின் ஓவியங்களைத் தீட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில், புது வாலோடு வைக்கப்பட்டிருந்த ஒரு விமான மாடலை முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் பார்த்தார். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த வாலை மூடிவிட்டார்! கேமராக்கள் எதிரிலேயே இருந்தன. சில ஆண்டுகளில் கொடி திரும்பி வந்தது. ஆனால் அந்த ஓவிய வரிசையில் மீரா மேத்தா வடிவமைத்த மகாராஷ்டிரத்துப் பைத்தானிப் புடவையும் ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நம் நாட்டு நெசவு லண்டன் விமானத்தின் வாலில் பறந்திருக்கிறது. அந்த வால்களைச் சேகரிக்கும் மாடல் பிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கும் அவை அழகாகத்தான் படுகின்றன.

● புடவை விஷயத்தில் நம் முறையும் வந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2023 அக்டோபரில் புதுத் தோற்றத்தை அறிமுகம் செய்தபோது முதல் விமானத்தின் வாலில் பாந்தனி முடிச்சுச் சாயக் கோலம் இருந்தது. அஜ்ரக், படோலா, கலம்காரி, நம் காஞ்சிப் பட்டு எல்லாம் அந்த வரிசைக்கு அறிவிக்கப்பட்டவை. இதே நிறுவனம் 2005-இல் பறக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே ஒவ்வொரு விமான வாலிலும் ஒவ்வொரு படம் வைத்திருந்தது; இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று. மாடல் செய்கிறவருக்கு இரட்டை வேலை, இரட்டைச் சந்தோஷம். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து திருச்சி வழியாக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறவர்கள் இந்த வால்களைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பார்கள். அடுத்த முறை இரண்டு பக்கமும் படம் எடுத்து வாருங்கள்.

● ராஜேந்திர சோழன், மகேந்திர வர்மன், நரசிம்ம வர்மன்: மூன்று பேரும் ஜம்போ ஜெட்டுகள்! ஏர் இந்தியா தன் போயிங் 747 விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயரைச் சூட்டியது. 1971-இல் வந்த முதல் விமானம் ‘எம்பரர் அசோகா’. பின்னால் வந்த ஒன்றின் பெயர் ‘டாஞ்சூர்’, அதாவது தஞ்சாவூர். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் அரண்மனைச் சாளரம்போலச் சிவப்பு வளைவு வரைந்திருப்பார்கள். 1:144 அளவில் அந்த ஜன்னல் அரிசி மணியைவிடச் சிறியது. அத்தனை வளைவுகளையும் கையால் வரைய யாராலும் முடியாது. அங்கேதான் டெக்கால் வருகிறது.

● டெக்கால் என்பது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படம். பிரெஞ்சுச் சொல்லான டெகால்கோமானியின் சுருக்கம். பீங்கான் கோப்பையில் பூப்படம் ஏறுவதும் இதே உத்தியில்தான். பழைய சைக்கிள்களின் கம்பியில் இருந்த கம்பெனிச் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு இது உறவு. பசை தடவிய தாள்மேல் மெல்லிய படலம், அதன்மேல் அச்சு. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் தாள் முதலில் சுருண்டு, பிறகு தானாக விரியும். அரை நிமிடம் பொறுத்து விரலால் லேசாகத் தள்ளினால் படம் தாளைவிட்டு நழுவும். அந்த நழுவல்தான் சரியான நேரத்துக்கு அடையாளம். நனைந்த வாலின் பக்கத்தில் தாளை வைத்து, பிரஷ் நுனியால் படத்தை மட்டும் இழுத்து உட்கார வைக்க வேண்டும்.

அடுத்து மென்மையாக்கும் திரவத்தை ஒரு சொட்டு தடவுவார்கள். படம் உடனே வாழைச்சருகுபோலச் சுருங்கும். புதிதாகச் செய்கிறவர்கள் பதறிப்போய்க் கை வைப்பது இங்கேதான். தொடாதீர்கள். காயக் காயச் சுருக்கம் தானே இறங்கி, வாலின் வளைவோடும் பள்ளக் கோடுகளோடும் படிந்துவிடும். வண்ணம் தீட்டியதுபோல இருக்கும்.

முன்கூட்டியே பளபளப்பு வார்னிஷ் அடித்த பரப்பில்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, படம் வெள்ளி பூத்ததுபோல மின்னும். எவ்வளவு நல்ல ஓவியமும் கெட்டுவிடும்.

● வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது! நீல வாலில் வெள்ளை மயில் வேண்டுமென்றால் அச்சில் அந்த இடம் வெறும் கண்ணாடியாகத்தான் வரும். ஒட்டினால் மயில் காணாமல் போகும். வழி என்ன? வெள்ளை டெக்கால் தாளில் நீலத்தையும் சேர்த்தே அச்சிட்டு, வாலின் வடிவத்துக்கு வெட்டி ஒட்டுவது. ஜரிகைத் தங்கம் இன்னும் கஷ்டம். ஜப்பானின் ஆல்ப்ஸ் பிரிண்டர் வெள்ளை, தங்கம், வெள்ளி மூன்றையும் அச்சிட்டது. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆனாலும் மாடல் செய்கிறவர்கள் பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இங்க்ஜெட்டில் அச்சிட்டால் தண்ணீரில் போடுமுன் மேலே கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட வேண்டும். என் முதல் வால் இந்த ஒரு விஷயம் தெரியாததால் கிண்ணத்தில் கரைந்து மஞ்சள் தண்ணீராகிவிட்டது. மூன்று நாள் வரைந்த கோலம்.

● வாலின் சரியான வடிவத்தைத் தாளுக்குக் கொண்டுவர எளிய வழி: மாடலின் வால்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பிய்த்தெடுத்துத் தாளில் ஒட்டி ஸ்கேன் செய்வது. 737-இன் வால் இந்த அளவில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரம். அரை மில்லிமீட்டர் தவறினாலும் கண்ணில் உறுத்தும். பெரிய கோடுகளும் பட்டைகளும் மட்டும் என்றால் டெக்காலே வேண்டாம். வண்டி நம்பர் வெட்டுகிற ஸ்டிக்கர் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்த மெஷினில் உங்கள் வடிவத்தை வெட்டி வாங்கி, வாலில் ஒட்டி, வண்ணம் அடித்து உரித்தால் விளிம்பு கத்திபோல வரும்.

● தமிழ்ப் படம் ஒன்றுக்காக முழு விமானமே வண்ணம் மாறியது நினைவிருக்கிறதா? 2016 ஜூலையில் ‘கபாலி’க்காக ஏர் ஏசியா இந்தியா தன் ஏர்பஸ் ஏ320 ஒன்றின் உடலில் ரஜினிகாந்தைப் பறக்கவிட்டது. பெங்களூர் ரசிகர்கள் முதல் காட்சி பார்க்கச் சென்னைக்கு விமானத்தில் வந்தார்கள். அந்த ஏ320-ஐ 1:144-இல் செய்தால் 26 சென்டிமீட்டர்.

● இந்திய விமானம் என்றால் மாடலின் உடலில் ‘விடி’ என்ற இரண்டு எழுத்தும் கட்டாயம் வர வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் கொடுத்த பதிவுக் குறி, இன்றுவரை அதுதான். இலங்கைக்கு ‘4ஆர்’. அந்தத் தீவின் விமான வாலில் மயில்.

● பஞ்சாபின் ஜலந்தர் அருகே தல்ஹன் என்ற ஊரில் ஒரு குருத்வாரா. வெளிநாட்டு விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் அங்கே காணிக்கையாகச் செலுத்திவந்தது பொம்மை விமானம். வெவ்வேறு நிறுவனங்களின் பெயரும் வாலும் கொண்ட விமானங்கள் அங்கே குவிந்தன. நம்மூரில் பிள்ளை வரத்துக்குக் கட்டும் தொட்டில்போல.

● பிளாஸ்டிக் கிட் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது: ஜெர்மனியின் ரெவெல், ரஷ்யாவின் ஸ்வெஸ்டா. ஆனால் மர விமானம் செதுக்குவதில் பிலிப்பைன்ஸ் பெயர் பெற்றிருக்கிறது. நம் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கும் கிடைத்தது. தேர்த்தட்டு யாளியின் பல்லைச் செதுக்கும் கைக்கு விமான இறக்கை பெரிய காரியமில்லை. வாகை மரத்தில் ஒரு 737, வாலில் கலம்காரி. இதை ஒருவர் செய்து காட்டினால் வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

● உளுந்தூர்பேட்டை விமானத்தின் வாலில் என்ன வைக்கலாம்? கல்வராயன் மலையின் முகடு, கோமுகி அணை, மலையின் கடுக்காய். என்னைக் கேட்டால் உளுந்துதான். உளுந்தாண்டார்கோயிலில், பொய் சொன்ன வியாபாரியின் மிளகு மூட்டை உளுந்தாக மாறியது என்று கதை சொல்வார்கள். வெள்ளை வாலில் கீழே கறுத்த மிளகு, மேலே போகப் போக உளுந்து. வெள்ளை மை தேவையில்லை. கறுப்பு ஒன்று போதும், எந்தப் பிரிண்டரிலும் வரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளில் விமான வால் ஒன்றை வரைந்து கொடுத்து, நம் ஊர் விமானத்துக்கு என்ன சின்னம் வைப்பாய் என்று கேளுங்கள். அது வரைந்ததைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.