டாக்டர்களுக்கும் டெஸ்ட்... எதற்காக?

நள்ளிரவு 2 மணி. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. “பிள்ளைக்கு ஃபிட்ஸ் நிக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா!” என்று ஓடி வருகிறார் ஒரு தாய்.

அந்த நேரத்தில் முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் ‘பெரிய டாக்டர்’ அல்ல. எம்.பி.பி.எஸ் முடித்து, குழந்தைகள் மருத்துவத்தில் எம்.டி படித்துக்கொண்டிருக்கும் பி.ஜி டாக்டர். எந்த மருந்து, எவ்வளவு, அதற்கும் கேட்காவிட்டால் அடுத்து என்ன? புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. எல்லாம் நினைவில் இருந்தாக வேண்டும்.

அது இருக்கிறதா என்று எப்போது சோதிப்பது?

3 வருடம் முடிந்த பிறகா?

நம் நாட்டில் எம்.டி, எம்.எஸ் படிப்புகள் 3 வருடம். முடிவில் 4 தியரி பேப்பர்கள், நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்டும் பிராக்டிகல், வைவா. பாஸா, ஃபெயிலா என்பது அங்கேதான் முடிவாகும். தேவையான பரீட்சைதான். ஆனால், ஒருவருக்கு எதில் அறிவு குறைகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிய வருகிறதென்றால், அதற்குள் அவர் எத்தனையோ நைட் டியூட்டிகளை முடித்திருப்பார்.

அதனால்தான் பயிற்சிக்கு நடுவிலேயே டெஸ்ட் வைக்கும் வழக்கம் வந்தது. அமெரிக்காவில் அறுவை சிகிச்சை பயிலும் டாக்டர்களுக்கு 1975 முதல் வருடா வருடம் ‘ஆப்சைட்’ என்ற தேர்வு நடக்கிறது. அடிப்படை நோக்கம், எந்தப் பகுதியில் பலவீனம் என்று மாணவருக்கும் ஆசிரியருக்கும் காட்டுவது.

இந்தியாவிலும் டி.என்.பி படிப்பவர்களுக்கு இப்படி ஆண்டுத் தேர்வு உண்டு. எழுதியதோடு முடிவதில்லை. விடைகளில் எங்கே தவறினார் என்று ஆசிரியர் உட்கார்ந்து பேசுவார். வார்டில் அவர் வேலை செய்வதையும் பார்த்து மதிப்பிடுவார்கள்.

டெஸ்ட்டே ஒரு பாடம்

2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சுவாரஸ்யமானது. குழந்தைகள் மருத்துவம், அவசர சிகிச்சை பயிலும் டாக்டர்களுக்கு நிற்காத வலிப்பு, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச்சோர்வு நோய் ஆகிய 2 பாடங்களை நடத்தினார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். இன்னொன்றில் திரும்பத் திரும்ப டெஸ்ட் வைத்து, சரியான விடையையும் சொன்னார்கள். 6 மாதங்களுக்கும் மேல் கழித்துச் சோதித்தபோது, டெஸ்ட் எழுதிய பாடத்தில் மதிப்பெண் சராசரியாக 13 சதவிகிதம் அதிகமாக இருந்தது. நினைவிலிருந்து விடையைத் தேடி எடுப்பதே அதை மனதில் ஆழமாகப் பதிய வைக்கிறது.

எல்லை உண்டு

வழிகாட்ட வந்த டெஸ்ட், மேற்படிப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாக மாறினால் சிக்கல்தான். தெரியாததை ஒப்புக்கொள்ளப் பயம் வரும். கற்றுக்கொள்வதைவிட மார்க் பெரிதாகிவிடும். தவிர, பேப்பரில் அறிவை அளக்கலாம். பச்சிளம் குழந்தையின் நரம்பில் ஊசி போடும் லாகவத்தையும், பதறும் தாயிடம் பேசும் பக்குவத்தையும் மூத்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தத் தாய்க்கு டாக்டரின் மார்க் தெரியப்போவதில்லை. ஆனால் டெஸ்ட்டில் அந்த டாக்டர் ஒரு மருந்தின் அளவைத் தப்பாக எழுதி, மறுநாளே அது திருத்தப்பட்டிருந்தால், அதன் பலன் போய்ச் சேர்வது அவர் பிள்ளைக்குத்தான்.