தொண்டு விமானிகள் யாரை ஏற்றுவார்கள்? தோப்பூரில் ஒரு நோயாளி, வெளிநாட்டில் ஒரு பிள்ளை

தோப்பூரில் படுத்த படுக்கையாக ஒரு தாய். மகன் அவுஸ்திரேலியாவில். "இங்கே நோயாளிகளைக் காசு வாங்காமல் விமானத்தில் ஏற்றிச் செல்லும் விமானிகள் இருக்கிறார்கள். அப்படி யாரையாவது பிடித்து அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோக முடியாதா?" என்று கேட்கிறான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்படியான கேள்வி எழுவது இயல்பு.

நோயாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடப்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலை வைத்தியசாலைக்குப் போகப் படகையோ பாதையையோ நம்பியிருந்தோம். அதே ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினர் வன்னியிலிருந்து நோயாளர், காயப்பட்டோர், கூட வந்தோர் எனச் சுமார் 14,000 பேரைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் இறக்கினர். அந்த நாட்களில் கப்பலில் இடம் கிடைப்பதுதான் உயிர். ஆகவே 'இலவச விமானம்' என்ற சொல் நம் காதில் வேறு மாதிரித்தான் விழும்.

ஆனால் மகன் சொல்லும் சேவை அப்படியானது அல்ல. அவுஸ்திரேலியாவில் 2003இல் தொடங்கிய 'ஏஞ்சல் ஃப்ளைட்', கனடாவில் 1986இல் தொடங்கிய 'ஹோப் எயார்' போன்றவை தூரத்து ஊர்களில் வசிக்கும், பண வசதி குறைந்த நோயாளிகளை நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவை. ஹோப் எயார் பெரிய விமான சேவைகளில் சீட்டும் எடுத்துக் கொடுக்கும். தொண்டு விமானிகள் பலர் சொந்தச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள். தனியார் விமானி உரிமம் உள்ளவர் பயணிகளிடம் கட்டணம் வாங்கித் தொழில் செய்ய முடியாது. அதனால்தான் அது இலவசம்.

இது பறக்கும் அம்புலன்ஸ் அல்ல. விமானத்தில் வைத்தியரோ தாதியோ இருக்கமாட்டார். நோயாளி தானே ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டி கட்டிக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும். சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் கழிவறைகூட இல்லை. அவசர நோயாளியை ஏற்றமாட்டார்கள். விண்ணப்பத்தை நோயாளியைப் பார்க்கும் வைத்தியரோ சுகாதாரப் பணியாளரோ அனுப்ப வேண்டும். வானிலை சரியில்லை என்றால் விமானி வரமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லக்கூடாது. அவுஸ்திரேலியாவில் 2011இல் ஹோர்ஷம் அருகிலும் 2017இல் மவுண்ட் கம்பியரிலும் இவ்வாறான இரு விமானங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் மூவர் இறந்தனர். 2017 விபத்தில் விமானம் மேகமும் மூடுபனியும் தாழ்ந்திருந்த காலையில் கிளம்பிச் சிறிது நேரத்திலேயே விழுந்தது. வழக்கமான விமான சேவை உள்ள இடங்களில் அதில் சீட்டு எடுத்துக் கொடுப்பதே பாதுகாப்பு என்று விசாரணையாளர்கள் பின்னர் சொன்னார்கள்.

இந்தச் சேவைகள் அந்தந்த நாட்டுக்குள் ஓடுபவை. தோப்பூருக்கு வரமாட்டா. அவுஸ்திரேலியக் கிராமப்புறத்தில் வேலை செய்யும் நம்மவர் ஒருவருக்கு அங்கேயே நோய் வந்தால், தன் வைத்தியரிடம் இதைத் தாராளமாகக் கேட்கலாம். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

இனி தோப்பூர்த் தாய். திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் 1990 சுவசெரிய. அது இலவசம், ஆனால் கிட்டிய பொருத்தமான அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டு செல்லும். கொழும்புக்கோ மஹரகமவுக்கோ போக வேண்டுமென்றால் முதலில் வார்டில் அனுமதிக்கப்பட்டு, அங்குள்ள விசேட வைத்திய நிபுணர் மறுபக்கத்து வைத்தியருடன் பேசிக் கட்டிலை உறுதி செய்து, ட்ரான்ஸ்பர் எழுத வேண்டும். அப்போது வைத்தியசாலை அம்புலன்ஸே கொண்டு செல்லும். அவசரப்பட்டுச் சொந்த வானில் ஏற்றிப்போனால் இரவு முழுக்க ஓடி, காலையில் அங்கே வெளிநோயாளர் வரிசையில் நிற்க நேரலாம். எதற்கும் முன் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தச் சிகிச்சை மட்டக்களப்பிலோ தெல்லிப்பழையிலோ கிடைக்காதா? இந்த உடம்பு ஆறேழு மணிநேரப் பயணத்தைத் தாங்குமா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அதைக் கேட்டுக்கொள்வதும் பிள்ளைகளின் கடமைதான்.

சென்னைக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒன்று. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். நுரையீரல் பலவீனமானவருக்கும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் அது ஆபத்து. எனவே விமான சேவை தரும் மருத்துவப் படிவத்தை வைத்தியர் நிரப்பி, சில நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் போவதென்றால் பல இருக்கைகளின் கட்டணம் போகும். விசாரிக்காமல் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணம் இடைத்தரகர் கையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'விமானம் ஏற்பாடு செய்கிறேன், முற்பணம் தாருங்கள்' என்று வருபவரிடம், எந்த வைத்தியசாலை, எந்த வைத்தியர் ஏற்றுக்கொண்டார் என்று எழுத்தில் கேளுங்கள். சிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க இப்போது கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, மூதூர் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். டயக்னோசிஸ் கார்ட்டையும் பழைய கிளினிக் கொப்பிகளையும் எறியாமல் ஒரே பையில் வையுங்கள். அவற்றைப் படம் எடுத்து மகனுக்கும் அனுப்பிவிடுங்கள். அங்குள்ள வைத்தியரிடம் காட்டி அவன் கேட்டுவரும் இரண்டாவது கருத்து, அவன் தேடும் விமானத்தைவிட அம்மாவுக்கு உதவக்கூடும்.