பெற்றோர் பிரிந்தபின் குழந்தையும் வருமான வரியும்

கணவன் மனைவி விவாகரத்துப் பெற்றாலோ பிரிந்து வாழ்ந்தாலோ, குழந்தை தொடர்பான வரிச் சலுகையும் வரிச் சுமையும் யாரைச் சேரும் என்பதை வருமான வரிச் சட்டம் வரையறுக்கிறது. இங்குள்ள பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால் எண்கள் மாறும்.

அமெரிக்காவில் குழந்தை ஆண்டில் அதிக இரவுகள் தங்கும் பெற்றோரே அதைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டலாம். அவர் படிவம் 8332இல் விட்டுக்கொடுத்தால் மற்றவர் காட்டலாம். அங்கே பிள்ளைகள் வேலை பார்க்கும் கோவைக் குடும்பங்கள் இங்கும் அதே முறைதான் என்று எண்ணுவதுண்டு. இந்தியாவிலோ குழந்தை இருப்பதற்காக மட்டும் கழிவு எதுவும் கிடையாது.

செலவு செய்தவருக்கே கழிவு. பள்ளி, கல்லூரிக் கல்விக் கட்டணத்தை 80சி பிரிவில், மற்ற சேமிப்புகளோடு சேர்த்து 1,50,000 ரூபாய் வரை, இரண்டு குழந்தைகளுக்குக் காட்டலாம். நன்கொடையும் வளர்ச்சி நிதியும் இதில் சேரா. ஜீவனாம்சமாக மாதந்தோறும் அனுப்பும் பணத்தைத் தந்தை தம் வருமானத்தில் கழிக்க முடியாது. அவரே பள்ளிக்கு நேரடியாகக் கட்டணம் செலுத்தினால் கழிக்கலாம். ஆகவே ரசீதும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் உள்ளன என்பது முக்கியம். ஊனமுற்ற குழந்தைக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், கடுமையான ஊனமெனில் 1,25,000 ரூபாய். இது குழந்தை பெரும்பாலும் யாரை நம்பி வாழ்கிறதோ அவருக்கு உரியது. இவையெல்லாம் பழைய வரிமுறையில் மட்டுமே. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பானது. பழையது வேண்டுமெனில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிக்கல் வருவது குழந்தையின் பெயரில் உள்ள பணத்தில்தான். கொங்குப் பகுதியில் காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணத்தையும் தாத்தா பாட்டி கொடுத்ததையும் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பு வைப்பார்கள். 18 வயது நிறையாத குழந்தையின் வட்டி வருமானம் பிரிவு 64(1ஏ) படி பெற்றோரின் வருமானத்தோடு சேரும். (குழந்தை தன் உழைப்பாலோ திறமையாலோ ஈட்டியது சேராது. 80யு பிரிவில் குறிப்பிட்ட வகை ஊனமுள்ள குழந்தையின் வருமானமும் சேராது.) மணவாழ்வு சட்டப்படி நீடித்தால் அதிக வருமானமுள்ளவர் கணக்கில் சேரும். மணமுறிவு ஆகிவிட்டால் அந்த ஆண்டில் குழந்தையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும்.

நம் ஊர்களில் பெரியவர்கள் பேசி, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பிரிந்துவிடுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, நிரூபிக்கத்தக்க சாதி வழக்கம் இருந்தால் மட்டுமே இத்தகைய பிரிவை ஏற்கிறது. மற்றபடி நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை மணவாழ்வு நீடிப்பதாகவே பொருள். எனவே பத்தாண்டு தனியே வளர்த்தவர் தாயாக இருந்தாலும், வட்டி தந்தையின் கணக்கில் சேரக்கூடும். தந்தைக்கோ அப்படியொரு வைப்பு இருப்பதே தெரியாது. பிரியும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்வோரை நான் அதிகம் கண்டதில்லை.

உதாரணமாக 3,00,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டி 21,000 ரூபாய். பழைய வரிமுறையில் பிரிவு 10(32) படி ஒரு குழந்தைக்கு 1,500 ரூபாய் விலக்குப் போக, 19,500 ரூபாய் சேரும். புதிய வரிமுறையில் இந்த விலக்கும் இல்லை.

ஒருமுறை ஒருவர் கணக்கில் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டுகளில் மற்றவர் கணக்குக்கு மாற்ற வரி அதிகாரி அந்த மற்றவரின் தரப்பைக் கேட்டு, அது அவசியம் என்று ஏற்க வேண்டும். தீர்ப்பு நகல், பள்ளி ரசீது, வங்கிப் பதிவு மூன்றையும் பத்திரமாக வைத்திருப்பது அப்போது உதவும்.